சாமி பதில்கள்: இங்கே ஜெபமாலை, அங்கே குண்டு

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) வாரம் ஒரு நாள் காசாவுக்காக ஜெபமாலை சொல்கிறோம். "இங்கே உட்கார்ந்து மணி உருட்டினால் அங்கே குண்டு நின்றுவிடுமா அம்மா?" என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான். என்ன சொல்ல, சாமி?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

நிற்கும் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாதம்மா. சிரியாவுக்காக 2013 செப்டம்பர் 7 அன்று உலகம் முழுக்க ஒருசந்தி நோன்பிருந்து ஜெபிக்கச் சொன்னார் திருத்தந்தை பிரான்சிஸ். இருந்தோம். அந்தப் போர் அப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. பையனிடம் இதை மறைக்க வேண்டாம். எப்படியும் போனில் தேடிக் கண்டுபிடித்துவிடுவான்.

சரி, அதே பிரான்சிஸ் காசாவுக்கு என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். காசாவில் இருக்கிற ஒரே கத்தோலிக்கக் கோயில் திருக்குடும்ப ஆலயம். 2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினருமாகப் பல நூறு பேர் அந்த வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வளர்க்கும் அன்னை தெரேசா சபைச் சகோதரிகளும் ஊரை விட்டுப் போகவில்லை. அந்தப் பங்குக்கு அநேகமாகத் தினமும் சாயங்காலம் போன் போட்டார் பாப்பரசர். போனில் பிரசங்கம் எல்லாம் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் பேச்சு. 2025 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்த சில நாளில், பருப்பும் கோழியும் சாப்பிட்டோம் என்றார்களாம். அந்த நாட்களில் அவர்களுக்கு அது கிடைக்காத சாப்பாடு. அதை வத்திக்கானில் வாராவாரம் நடக்கும் புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். நிமோனியாவோடு மருத்துவமனையில் கிடந்தபோதும் கூப்பிட்டார். கடைசியாகப் பேசியது ஏப்ரல் 19, சனிக்கிழமை. திங்கள் காலை இறந்துபோனார்.

அதே வருஷம் ஜூலை 17 அன்று அந்தக் கோயில் மேலேயே குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பங்குச் சாமிக்கும் காயம். ஆக, போன் போட்டும் குண்டு நிற்கவில்லை. ஆனால் மறுநாளே எருசலேமிலிருந்து அங்குள்ள கத்தோலிக்கரின் தலைவரான கர்தினால் பிட்சபாலாவும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தையும் உள்ளே போய் அந்த மக்களோடு நின்றார்கள். ஹமாஸ் பிடித்துப்போன குழந்தைகளை விடுவித்தால் பதிலுக்கு என்னைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று போர் தொடங்கிய அந்த மாதமே சொன்னவர் இந்தக் கர்தினால். ஜெபம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்த ஆட்கள் இல்லை இவர்கள்.

உங்கள் அன்பியத்துக்கு ஒன்று சொல்கிறேன். "உலக சமாதானத்துக்காக" என்று பொதுவாக ஓட்டிவிடாதீர்கள். அப்படிச் சொல்லும்போது நம் பாதிப் பேருக்கு அடுப்பில் வைத்த குழம்புதான் ஞாபகம் வருகிறது. ஜெபமாலையில் திருக்குடும்பப் பங்கு மக்களுக்கு ஒரு பத்து மணி, பிணைக்கைதிகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு ஒரு பத்து மணி என்று சொல்லுங்கள். அந்தப் பங்கில் இந்த வாரம் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்து, ஜெபத்துக்கு முன் வாசிக்கிற வேலையை உங்கள் மகனிடமே கொடுங்கள்.

கேள்வி: புனித வெள்ளிக் காணிக்கை எங்கே போகிறது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

புனித நாட்டுக்கு. அங்குள்ள திருத்தலங்கள், பங்குகள், பள்ளிக்கூடங்களுக்கு. சில்லறை தேடாமல் போடலாம்.

கேள்வி: கல்லறைத் திருநாளுக்கு மட்டும் சாமியார்கள் மூன்று பூசை வைப்பது ஏன்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

கிறிஸ்துமஸுக்கும் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு வந்தது முதல் உலகப் போரால். ஸ்பெயின், போர்த்துகல் போன்ற சில நாட்டுக் குருக்களுக்கு இருந்த சலுகையை, குவிந்த பிணங்களை நினைத்து 1915-இல் எல்லாருக்கும் ஆக்கினார் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட். "சமாதானத்தின் இராக்கினியே" என்று மாதா பிரார்த்தனையில் சொல்கிறோமே, அதை 1917-இல் சேர்த்ததும் அவர்தான். கல்லறைத் திருநாளின் மூன்று பூசைக்கும் பூசைக்காசு வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒன்றுக்குத்தான்.