ஆறு மாதம் வெளிநாடு போனால் ஒரு வருடம் போய்விடுமா?

மேடம், வணக்கம்.

போன சனிக்கிழமை மகளின் வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஆலோசனை கேட்க நீங்களும் மகளும் வந்தபோது வெளியே இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. அதனால் முழுதாகப் பேச முடியவில்லை. நீங்கள் கிளம்பிய பிறகு, மேஜையில் விட்டுப்போன இரண்டு தாள்களையும் நிதானமாகப் படித்தேன். எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கேள்வி ஒன்றுதான். "ஆறு மாசம் போயிட்டு வந்தா படிப்புல ஒரு வருஷம் போயிடாதே?" மறுநாள் உங்கள் வீட்டு சார் போனில் கேட்டதும் அதேதான், கொஞ்சம் கோபமாக. நியாயமான பயம். தாள் சரியில்லை என்றால் ஒரு வருடம் போகத்தான் செய்யும். எந்தத் தாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த வழவழ பிரசுரத்தை ஒதுக்கிவிடுவோம். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஏஜென்சி கொடுத்தது என்றீர்கள். மேலே கொட்டை எழுத்தில் 'எக்ஸ்சேஞ்ச்' என்று போட்டிருக்கிறது. உள்ளே பார்த்தால் 14 நாள், மூன்று நகரம், இரண்டு கல்லூரி வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், கடைசியில் ஒரு சான்றிதழ். கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்குப் பட்டக் கணக்கில் ஏறும் மதிப்புப் புள்ளி, அந்தச் சொல் எங்கேயும் இல்லை. இது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை, கையில் பணம் இருந்தால் போகலாம். ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி விற்கக் கூடாது.

எக்ஸ்சேஞ்ச் என்றால், மகளின் சேர்க்கை இங்கேயே இருக்கும். ஃபீஸை இங்கேயே கட்டுவீர்கள், அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. அங்கே எழுதும் பாடங்களின் கிரெடிட் இங்கே கணக்கில் ஏறும். அதற்கு இரண்டு கல்வி நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும், மகளை அவள் கல்லூரியே நாமினேட் செய்ய வேண்டும். நாமே நேரடியாக விண்ணப்பித்துப் போனால் அது வேறு கதை, பல இடங்களில் முழுக் கட்டணமும் கேட்பார்கள். கல்லூரி மெயிலில் வரும் 'ட்வின்னிங்' இன்னொரு ரகம். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் படித்துவிட்டு, பட்டத்தை இங்கே மட்டும் வாங்குவது. அது சேரும்போதே எடுக்கும் முடிவு. உங்கள் மகள் ஐந்தாம் செமஸ்டருக்கு வந்துவிட்டாள், அதை மறந்துவிடலாம்.

இப்போது இரண்டாவது தாள். கல்லூரியின் சர்வதேசப் பிரிவு அனுப்பிய மெயில். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், அடுத்த வருடம் குளிர்காலப் பருவம், இரண்டு இடம். இது உண்மையான எக்ஸ்சேஞ்ச்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் ஊரில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடிகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் ஆரம்பித்து பிப்ரவரி நடுவில்தான் முடியும், அதற்கு அப்புறம் தேர்வு. மகள் ஏழாம் செமஸ்டரில் போனால் என்ன ஆகும்? ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இங்கே எந்த வகுப்பிலும் ஒட்டாமல் சும்மா இருப்பாள். ஜனவரியில் இங்கே எட்டாம் செமஸ்டர் தொடங்கும்போது அங்கே பாடம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு செமஸ்டர் போவதற்கு இரண்டு செமஸ்டர் அடிபடுகிறது. போதாததற்கு, பிளேஸ்மென்ட் கம்பெனிகள் வரிசை கட்டி வருவதும் அதே ஏழாம் செமஸ்டரில்தான். ஆன்லைன் இன்டர்வியூ இருக்கிறதே என்று மகள் சொன்னாள். இருக்கிறது. எல்லாக் கம்பெனியிலும் இல்லை.

சார் பயப்படுவது இதற்காக என்றால், அவர் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் தீர்வு 'போகாதே' என்பது இல்லை. பருவத்தை மாற்றினால் போதும்.

அந்த மெயிலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், சின்ன எழுத்தில் பிரான்ஸில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பிரான்ஸில் இரண்டாவது செமஸ்டர் ஜனவரியில் தொடங்கி மே, ஜூனில் முடியும். நம் ஆறாம் செமஸ்டரோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. ஜூலையில் திரும்பி வந்து பிளேஸ்மென்டில் உட்காரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜனவரியில் போக வேண்டும் என்றால் நாமினேஷன் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். இன்றே சர்வதேசப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் எத்தனை என்பதையும் கேட்கட்டும். பிரான்ஸில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் இருக்காது.

ஜெர்மனிதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. எட்டாம் செமஸ்டர் பெரும்பாலும் ப்ராஜெக்ட்தான். ஒரே தலைப்பு, அதற்கான கிரெடிட் எல்லாம் மொத்தமாக அதிலேயே. அங்கே ஒரு பேராசிரியர் லேபில் இடம் கொடுத்தால் ஜனவரியிலேயே தொடங்கலாம், பருவ அட்டவணைக்குக் காத்திருக்க வேண்டாம். பாடத்துக்குப் பாடம் ஒப்பிடும் தலைவலியும் இல்லை. என்னைக் கேட்டால் பொறியியல் பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வழி. கைடு இரண்டு பேர் இருக்க வேண்டும், இங்கே ஒருவர், அங்கே ஒருவர். அதை மட்டும் முன்கூட்டியே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

சரி, ஒரு வருடம் போகாமல் காப்பாற்றும் தாள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருவோம். ஐரோப்பாவில் அதை 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்பார்கள். அங்கே எந்தெந்தப் பாடம், அது இங்கே எந்தப் பாடத்துக்குப் பதில், எத்தனை கிரெடிட் என்று ஒரு அட்டவணை. மாணவர், இங்கேயுள்ள கல்லூரி, அங்கேயுள்ள கல்லூரி என மூன்று கையெழுத்து. ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், வருடத்துக்கு 60. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊரில் பெரும்பாலும் வகுப்பறை மணி நேரத்தை வைத்துத்தான் கிரெடிட். அதனால் அங்கே 30 என்றால் இங்கேயும் 30 என்று எடுத்துக்கொள்ள முடியாது. எது எதற்கு ஈடு என்று முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும்.

எழுதிவைக்காமல் போன ஒரு பையனை எனக்குத் தெரியும், பெரம்பூர்க்காரன். ஜெர்மனியில் நன்றாகப் படித்துவிட்டு மதிப்பெண் பட்டியலோடு வந்தான். 1.3, 1.7, 2.0, 2.3. ஜெர்மனியில் 1.0-தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். எண் குறையக் குறைய நல்ல மாணவன் என்று அர்த்தம். இங்கே அவன் கல்லூரித் தேர்வுப் பிரிவில் இருந்தவர் பத்துக்கு எத்தனை என்று பார்த்தே பழகியவர். "என்னப்பா, பத்துக்கு ரெண்டு வாங்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டாராம். நான்கு பேப்பரும் அரியர் என்று கணினியில் ஏறிவிட்டன. அதைத் திருத்திச் சரிசெய்ய ஏழு வாரம் ஆனது. அதற்குள், அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த இரண்டு கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. அந்த ஊழியரைக் குறை சொல்லி என்ன பயன்? மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்று யாரும் அவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை.

அதனால் அக்ரிமென்டோடு இன்னொரு பக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் மாற்று அட்டவணை. அதில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்து வேண்டும், சர்வதேசப் பிரிவின் கையெழுத்து மட்டும் போதாது. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளை அனுப்பி வைப்பதில் அவர்களுக்கு ஆர்வம் உண்டு. ஆனால் மார்க்‌ஷீட் அச்சடிப்பது அவர்கள் இல்லை.

பணம். இதில் சார் கணக்கு கொஞ்சம் அதிகம், உங்கள் கணக்கு கொஞ்சம் குறைவு. படிப்புக் கட்டணம் இல்லை என்றாலும் விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, அறைக்கு முன்பணம், சாப்பாடு எல்லாம் நம் தலையில்தான். பிரான்ஸ் விசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். ஜெர்மனிக்கு 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ என்ற கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஆறு லட்சம். இது யாருக்கும் கட்டும் பணம் இல்லை. மகள் பெயரில் முடக்கிவைத்து, அங்கே போன பிறகு மாதாமாதம் அவளுக்கே திரும்பி வரும். சார் இதை ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டு கோபப்பட்டார் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இந்த ஒப்பந்தத்துக்கு எராஸ்மஸ் பிளஸ் நிதி இருக்கிறதா? எராஸ்மஸ் 1987-இல் ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டம், இப்போது இந்தியாவிலுள்ள கல்லூரிகளும் அதில் சேர முடிகிறது. நிதி இருந்தால் மாணவருக்கு மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் பயணச் செலவுக்குத் தனியாக ஒரு தொகையும் கிடைக்கும். இரண்டு பையன்கள் ஒரே கல்லூரிக்கு ஒரே பருவத்தில் போய், ஒருவனுக்கு உதவித்தொகை, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை என்று ஆனதும் உண்டு. இரண்டாமவன் கேட்கவே இல்லை.

எதுவும் அமையவில்லை என்றால், கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் வைஸ் (WISE) திட்டம் இரண்டு மூன்று மாதம். பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான், அங்கேயுள்ள பேராசிரியர் ஒருவரின் அழைப்பும் வேண்டும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வாரம். இதில் கிரெடிட் தொல்லை கிடையாது. பிற்பாடு எம்எஸ் விண்ணப்பத்தில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் இருக்கும், அது சின்ன விஷயம் இல்லை.

மொழி பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலப் பாடங்கள் என்றால் விசாவுக்கு அந்த நாட்டு மொழி கட்டாயம் இல்லை. ஆனால் வாடகை ஒப்பந்தம், பேருந்து பாஸ், மளிகைக் கடை எல்லாம் அவர்கள் மொழியில்தான். ஜெர்மன் படிக்க ரட்லாண்ட் கேட்டில் மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சு படிக்க காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ். எங்கே போவது என்று முடிவானதும் ஒரு ஆரம்ப நிலை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். குளிர் உடுப்பை எல்லாம் இங்கேயே வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். ஒரு ஸ்வெட்டர் போதும், மற்றதை அங்கே போய் வாங்கட்டும். சாம்பார் பொடியை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் நீங்கள் அரசு உதவி பெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்றீர்கள், பதினோரு வருடம். எழுந்து போகும்போது, "எங்களுக்கெல்லாம் இந்த மாதிரி எங்க சார் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். இப்போதும் இருக்கிறது மேடம். அதே எராஸ்மஸ் பிளஸில் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. குறைந்தது 5 நாள், அதிகபட்சம் இரண்டு மாதம். பாடம் நடத்தப் போனால் வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். ஆசிரியர் அல்லாத அலுவலக ஊழியர்களும் பயிற்சிக்குப் போகலாம். நான் சொன்னேனே அந்தத் தேர்வுப் பிரிவு ஊழியர், அவரைப் போன்றவர்களை ஒரு வாரம் அங்கே அனுப்பிவைத்தால் எத்தனை பிள்ளைகள் தப்பிப்பார்கள்!

இது புதிதும் இல்லை. நம் ஐஐடி 1959-இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கியபோது அங்கிருந்து பேராசிரியர்கள் கிண்டிக்கு வந்தார்கள், இங்கிருந்து ஆசிரியர்கள் பயிற்சிக்கு அங்கே போனார்கள்.

அமெரிக்கா என்றால் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது, அதன் சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்திலேயே இயங்குகிறது. அதில் போகிறவர்களுக்கு ஜே-1 விசா, பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கு அமெரிக்கா கொடுப்பது. "ஜே-1-ல போனா ரெண்டு வருஷம் இந்தியாவுல இருந்தே ஆகணும்" என்று உங்கள் நாத்தனார் சொன்னது பாதி சரி. அந்த நிபந்தனைக்கு உட்பட்ட நாடுகளின் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தியபோது இந்தியாவை எடுத்துவிட்டார்கள், அதனால் சாதாரண மாணவர்கள் பலருக்கு இனி அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அரசாங்கப் பணத்தில் போகும் ஃபுல்பிரைட் போன்றவற்றுக்கு அது இன்னும் உண்டு. எப்படியும் திரும்பி வந்து பாடம் நடத்தப் போகிறவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, வெளிநாடு செல்ல முன் அனுமதி வாங்குவது. கோப்பு நகர நாளாகும், அழைப்புக் கடிதம் வந்த அன்றே மேலே அனுப்பிவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாருங்கள், அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. மகளுடைய கல்லூரியின் ரெகுலேஷன் புத்தகம், ஆறு, எட்டாம் செமஸ்டர் பாடத்திட்டம், பிரான்ஸ் கல்லூரியின் பாடப் பட்டியல் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லுங்கள். எது எதற்கு ஈடு என்று பென்சிலால் குறித்துப் பார்ப்போம். சாரையும் கூட்டி வாருங்கள், 992 யூரோ கணக்கை அவரிடம் நானே சொல்கிறேன்.