இப்போது விற்கும் கார்களில் எது பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேடும் காராகும்? வாங்கி மூடி வைக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லாபத்துக்காக என்றால் வேண்டாம். 10 லட்சம் ரூபாயை 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டு வைத்தால் 20 வருடத்தில் 38 லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் கார் அந்த விலைக்குப் போனால்தான் வங்கியோடு சமம். இதில் வருடாவருடம் கட்டும் இன்சூரன்ஸ், செத்துப்போகும் பேட்டரி, ஓடாமலேயே வெடிப்பு விடும் டயர், எலி கடித்த ஒயரிங் எல்லாம் சேராது.

சரி, எந்தக் காருக்கு மவுசு வரும் என்று ஊகிக்கலாமா என்றால், ஓரளவுக்கு முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடமே தவறு. "லிமிடெட் எடிஷன், கடைசி மாடல், குறைவாகத்தான் செய்தார்கள்" என்பதில்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.

அமெரிக்காவில் 1976-ல் காடிலாக் எல்டொராடோ கன்வெர்டிபிள் கார் வந்தபோது, அமெரிக்கக் கம்பெனிகள் செய்யும் கடைசித் திறந்த கூரைக் கார் அதுதான் என்று விளம்பரம் செய்தார்கள். ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 14,000 கார்கள். வாங்கிய பலர் ஓட்டாமல் மூடி வைத்தார்கள். 1984-ல் அதே காடிலாக் மறுபடியும் எல்டொராடோ கன்வெர்டிபிளைக் கொண்டுவந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பழைய காரின் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், பலனில்லை. 1978-ல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் இண்டியானாபோலிஸ் பேஸ் கார் பதிப்பு (பந்தயக் கார்களுக்கு முன்னால் வழிகாட்டி ஓடும் காரின் நகல்) வந்தபோதும் இதே கூத்துதான். 6,502 கார்கள் செய்தார்கள். பட்டியல் விலை 13,653 டாலர். முதலீடு என்று நினைத்து அதற்கு மேல் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கார்கள் இன்னமும் ஏலத்துக்கு வருகின்றன. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு எப்படித் தட்டுப்பாடு வரும்?

பக்கத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துப் பாருங்கள். கார் இல்லைதான், ஆனால் நம் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. ஊரெல்லாம் ஓடியது. யாரும் பத்திரப்படுத்தவில்லை. பால் கேன் கட்டி ஓட்டினார்கள், சைலன்ஸரை மாற்றினார்கள், கடைசியில் எடைக்குப் போட்டார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகு அந்த டூ ஸ்ட்ரோக் சத்தத்தைப் புதிதாக யாராலும் விற்க முடியவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனாக அதை வாய் பிளந்து பார்த்தவனுக்கு இன்று கையில் பணம் இருக்கிறது. நன்றாகத் தயார் செய்த வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பிஸ்டனில் இருந்து சைடு பாக்ஸ் வரை எல்லாம் இன்னும் கிடைக்கிறது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

அரிதாக இருந்தும் யாரும் சீந்தாத கார் வேண்டுமா? சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் விட்ட ஸ்டாண்டர்டு 2000. ஐரோப்பாவில் பரிசு வாங்கிய ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு, உள்ளே ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு கார் வம்சத்து 2 லிட்டர் எஞ்சின். இழுவை இல்லை, பெட்ரோலோ தண்ணியாய்க் குடித்தது. 1988-ல் தொழிற்சாலையே மூடிவிட்டது. இன்று ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். இருந்தாலும் அதற்காகப் பர்ஸைத் திறந்துகொண்டு யாரும் வரிசையில் நிற்பதில்லை. சின்ன வயதில் அதன்மேல் ஆசைப்பட்டவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் பார்ப்பது இதைத்தான்: இன்று 15 வயதில் இருப்பவன் எந்தக் காரின் படத்தை போனில் வால்பேப்பராக வைத்திருக்கிறான்? அதேபோல ஒன்றை நாளைக்குச் செய்ய முடியாதபடி சட்டமோ தொழில்நுட்பமோ தடுக்குமா? 25 வருடம் கழித்து அதைச் சாதாரண மெக்கானிக் ஓட வைக்க முடியுமா?

மூன்றாவது கேள்வியில்தான் இன்றைய கார்கள் பெரும்பாலும் அடிபடும். மெக்லாரன் எஃப்1 என்ற பிரிட்டிஷ் சூப்பர் கார் மொத்தம் 106 மட்டுமே. 2021-ல் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதைச் சர்வீஸ் செய்ய, 90-களில் வந்த ஒரு காம்பேக் லேப்டாப்பைக் கம்பெனி பல வருடம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தது. காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான எலெக்ட்ரானிக் கார்டு அந்தப் பழைய மெஷினில்தான் வேலை செய்யும். 2 கோடி டாலர் காருக்கு அப்படி மெனக்கெடுவார்கள். உங்கள் 12 லட்சம் ரூபாய் எஸ்யூவியின் டச் ஸ்கிரீன், சன்ரூஃப் மோட்டார், ரேடார், சிம் கார்டு போட்ட யூனிட் இதற்கெல்லாம் 2045-ல் யார் மெனக்கெடப் போகிறார்கள்? சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் ஹெட்லைட் தேடிப் பிடிக்கலாம், செத்துப்போன சாஃப்ட்வேரைத் தேட முடியாது. மின்சாரக் கார்களையும் இதே காரணத்துக்காக ஒதுக்குகிறேன். மியூசியத்துக்குப் போகும், ஓட்டும் சேகரிப்பாளரிடம் போகாது.

இந்தியாவில் சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. 2021-ல் வந்த விதிப்படி 50 வயது ஆனால்தான் விண்டேஜ் வாகனம். சாதாரண காருக்கு 15 வருடத்தில் ஆர்.சி. முடிந்துவிடும். நடுவில் 35 வருடம் அது வெறும் பழைய கார்தான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். டீசல் பக்கமே போகாதீர்கள் என்பேன். அடுத்து எந்த ஊரில் எந்தத் தடை வரும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் தாண்டி நிற்கும் என்று நான் நினைப்பது மாருதி ஜிம்னி, அதுவும் மேனுவல் கியர். 2023-ல் வந்தபோது நம் ஊரில் "இந்த விலைக்கு இவ்வளவு சின்ன வண்டியா" என்று முகம் சுளித்தார்கள். தள்ளுபடி கொடுத்து விற்க வேண்டியிருந்தது. அதே ஐந்து கதவு ஜிம்னி இங்கிருந்து கப்பலேறி ஜப்பானில் நோமேட் என்ற பெயரில் போனது, 2025 ஜனவரி கடைசியில் அறிவித்தார்கள். நாலே நாளில் சுமார் 50,000 ஆர்டர், புக்கிங்கையே நிறுத்திவிட்டார்கள். லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எல்லாமே பழைய பாணி, எளிமையானவை. உலகம் முழுக்க ஓடுவதால் ஸ்பேர்ஸுக்குப் பஞ்சம் வராது. மாருதியின் பழைய ஜீப்பான ஜிப்ஸிக்கு இப்போதே தேடுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது இதுதான்.

பழையதில் ஒன்று வேண்டுமானால் இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 1.5 விடெக் எஞ்சின் மாடல். 2003-க்குப் பிறகு அந்த வடிவமே இல்லை. நல்ல வண்டிகளை எல்லாம் பையன்கள் பந்தயத்துக்கும் மாடிஃபிகேஷனுக்கும் தின்றுவிட்டார்கள். அதனால் எதுவும் மாற்றாமல் ஸ்டாக்காக நிற்பதற்கு மதிப்பு ஏறும். ஃபோக்ஸ்வேகன் போலோவின் வேகமான பதிப்பான ஜிடிஐ விஷயம் வேடிக்கை. 2016-ல் இந்தியாவுக்கு ஒதுக்கியதே 99 கார். 25 லட்சத்துக்கு மேல் விலை வைத்து, விற்காமல் 20 லட்சத்துக்குக் கீழே இறக்கினார்கள். போலோவை உருகி உருகி நேசித்த ஒரு தலைமுறை இங்கே உண்டு என்பதால் அதற்கு மட்டும் என் லிமிடெட் எடிஷன் வெறுப்பைத் தள்ளி வைக்கிறேன். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020-ல் 200 கார்கள் வந்தது. விலை விழாது, ஆனால் பெரிதாக எகிறும் என்றும் தோன்றவில்லை. வாங்கிய எல்லோரும் அதன் அருமை தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

எதை வாங்கினாலும் சர்வீஸ் பில், இரண்டாவது சாவி, மாற்றிய பாகத்தின் ஒரிஜினல், இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். கடற்கரை ஊர் என்றால் அடிப்பக்கத் துருவை வருடம் ஒரு முறை பாருங்கள். சேஸிஸ் அரித்த ஜிம்னியை யாரும் தேடி வர மாட்டார்கள். மாதம் இரண்டு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் பழைய கார்களின் ரப்பர் குழாய்களுக்கு ஆகாது.