டக்குனு ஒரு சத்தம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்க கதைகளை விட நீங்க ஜூஜிட்சு பத்தி எழுதுறதைத்தான் விடாம படிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. கோவைல ஒன்றரை வருஷமா பண்றேன், இன்னும் ஒயிட் பெல்ட்தான். கி (அந்தத் தடிச்ச சட்டை-பேன்ட்) போட்டு ரோல் பண்ணா, அதாவது பயிற்சிச் சண்டை போட்டா, சட்டைக் கையைப் பிடிச்சு கார்ட்ல இருந்து (மல்லாந்து படுத்து அவனைக் கால்களுக்கு நடுவுல வெச்சபடி) ஆர்ம்பார், அதான் முழங்கையை நீட்டிப் பூட்டுறது, வந்துடுது. கி இல்லாத நோ-கில சுத்தமா வரல. மணிக்கட்டு வழுக்கிடுது, இல்லைன்னா என்னை மடிச்சு ஸ்டாக் பண்ணிடுறாங்க. எப்படி செட்டப் பண்றது? என் கால் குட்டைங்கிறது காரணமா? இல்ல, ஆர்ம்பார் பழைய டெக்னிக்னு விட்டுட்டு, எல்லாரும் மாதிரி ஹீல் ஹுக் (குதிகாலைத் திருகுற பூட்டு) பக்கம் போயிடலாமா? போன வாரம் ஒரே ஒரு தடவை மாட்டுச்சு, புதுசா சேர்ந்த பையன், கொஞ்சம் வேகமா போட்டுட்டேன், டக்குனு சத்தம் கேட்டுச்சு, அவன்தான் லேட்டா டேப் பண்ணான் (விட்டுடுன்னு கையால தட்டுறது), பெருசா ஒண்ணும் இல்லன்னுட்டான். அப்புறம், நோ-கிக்குப் போடுற இறுக்கமான பனியன், ரேஷ்கார்ட், எது நல்லது?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

கோவம்லாம் இல்ல, என் கதையைப் படிக்காதவங்க வரிசை பெருசு, நீ போய் கடைசில நில்லு.

ரேஷ்கார்ட் எதுவா இருந்தாலும் துவைச்சுப் போடு, போதும். கால் குட்டைங்கிற கதையை இனி யார்கிட்டயும் சொல்லாத. ஹீல் ஹுக்கா? ஜூஜிட்சு போட்டி நடத்துற பெரிய அமைப்பு ஐபிஜேஜேஎஃப், அவங்க நோ-கி போட்டியிலயே மேல்படி ப்ரவுன், ப்ளாக் பெல்ட்டுக்கு மட்டும்தான், அதுவும் 2021லதான் விட்டாங்க. நீ முதல்ல உன் இடுப்பைத் திருப்பக் கத்துக்கோ. பழைய டெக்னிக்காம். 2010ல ஃபெடோர் எமிலியானென்கோன்னா அடி, உதை, பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைல பத்து வருஷமா யாரும் அசைக்க முடியாத ஆளு, கீழ கிடந்த ஜூஜிட்சுக்காரர் ஃபாப்ரிசியோ வெர்டூமை அடிக்கலாம்னு அவர் கார்டுக்குள்ள போனாரு, ட்ரையாங்கிளும் (காலால கழுத்தை நெரிக்கிறது) ஆர்ம்பாரும் ஒண்ணா மாட்டி 69 நொடில ஃபெடோர் டேப். கி இல்ல, சட்டைக் கை இல்ல. கால் தலையையும் தோளையும் பூட்டின பிறகு அந்தக் கை எங்க போகும்?

உன் பிரச்சினை அங்கதான் இருக்கு. நீ மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்குற. விரால் மீனை வாலைப் பிடிச்சு இழுக்குற மாதிரி. அதுவும் நம்ம ஊர் மே மாசத்துல, ஃபேன் மட்டும் ஓடுற ஹால்ல, ரெண்டாவது ரவுண்டுலயே ஆளு எண்ணெய் தேய்ச்ச மாதிரி ஆயிடுவான், மணிக்கட்டு நிக்கவே நிக்காது. மணிக்கட்டைச் சும்மா வழிகாட்டத்தான் பிடிக்கணும், வேலை செய்யிற கை முழங்கைக்கு மேல, ட்ரைசெப்ஸ்ல இருக்கணும். அதுக்கும் முன்னாடி அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா நீ என்ன பிடிச்சாலும் வேஸ்ட். உன் ரெண்டு முட்டியையும் நெஞ்சுக்கு இழு, அவன் முன்னாடி சாய்வான், விழாம இருக்க கையை மேட்ல ஊன்றுவான், அந்தக் கைதான் உனக்கு. முழங்கையை உன் நடுநெஞ்சைத் தாண்டி மறுபக்கம் கொண்டு வந்துட்டு, பிடிச்ச கை எந்தப் பக்கமோ அந்தப் பக்க அவன் இடுப்புல பாதத்தை ஊன்றி, உன் தலை அவன் எதிர்ப்பக்க முட்டிகிட்ட போற வரைக்கும் திரும்பு. அவன் கண்ணு தெரிஞ்சா நீ இன்னும் திரும்பல, காது தெரியணும். இன்னொரு கால் அவன் அக்குள்ல ஏறி முதுகை அழுத்தட்டும், தலைக்கு மேல போடுற கால் கடைசிதான். உன் தலை போன பக்கம் இருக்கிற அவன் காலை கையால உள்ள கோர்த்துப் பிடிச்சுக்கிட்டா ஸ்டாக் பண்ண வர்ற பாரம் பாதி குறைஞ்சிடும். கையை உருவிட்டானா, அழாத, அந்த இடத்துல ட்ரையாங்கிள் இருக்கு.

செட்டப் அவ்வளவுதான். யூட்யூப்ல நூறு பேர் இதை என்னைவிட நல்லா காட்டுவாங்க. நான் பதில் எழுத உட்கார்ந்தது இதுக்காக இல்ல. ரேஷ்கார்டுக்கு முன்னாடி போற போக்குல ஒரு வரி எழுதியிருக்க பாரு, அதுக்காக.

"அவன்தான் லேட்டா டேப் பண்ணான்." ஏன்டா, சேர்ந்து எத்தனை நாள் ஆன பையன் அவன்? அவனுக்கு ஆர்ம்பார் எங்க வலிக்கும்னே தெரியாது, எப்ப தட்டணும்னு எப்படித் தெரியும்? நீ ஏன் வேகமா போட்ட தெரியுமா, கை உருவிக்கிட்டுப் போயிடும்னு பயம். முட்டி ரெண்டும் நெருக்கமா இல்ல, உன் இடுப்புக்கும் அவன் தோளுக்கும் நடுவுல ஒரு தலைகாணி போற அளவு இடம் இருந்திருக்கும், அந்த ஓட்டையை வேகத்தால அடைச்ச. பிடி சரியா இருக்கிறவனுக்கு அவசரமே வராது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பழைய ஜூடோக்காரர், ஒல்லி, அறுபதை நெருங்குன ஆளு. ஆர்ம்பார் மாட்டின இடத்துல நிறுத்திடுவாரு. நீட்டக் கூடாது. அஞ்சு நிமிஷ ரவுண்டு முழுக்க கீழ இருக்கிறவங்க வேலை கையை விடாம வெச்சிருக்கிறது, மேல இருக்கிறவங்க வேலை எப்படியாவது வெளிய வர்றது. முதல் வாரம் எல்லாருக்கும் தொடை நடுங்கும், ஹிட்ச்ஹைக்கர் எஸ்கேப் பண்ணி உருண்டு ஓடிடுவாங்க, ஸ்டாக் பண்ணி கழுத்தை ஒடிப்பாங்க. மூணாவது மாசம் அதே ஆளுங்க மாட்டிக்கிட்டுச் சிரிப்பாங்க, ஏன்னா வெளிய வர வழியே இல்ல. அப்ப அவர் பக்கத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "இப்ப நீட்டணும்னு தோணுதா?"ன்னு கேப்பாரு. தோணாது. அது நீட்டாமலே முடிஞ்சு போன விஷயம். ஃபினிஷ்னா இடுப்பை ரெண்டு விரக்கடை தூக்குறது, அவ்வளவு மெதுவா, அவன் கட்டைவிரல் மேல பார்த்திருக்க, நடுவுல அவனுக்கு யோசிக்கவே நேரம் கொடுத்து.

அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி வேற ஒரு ஜிம்ல இருந்தேன். அங்க ஒருத்தன், உன்னை மாதிரியே அவசரம், என் இடது முழங்கையில அந்தச் சத்தத்தை வரவெச்சான். எனக்கும் அப்ப பெருசா வலிக்கல, "பரவால்ல பரவால்ல"ன்னு நானே அவனுக்கு சமாதானம் சொன்னேன். ராத்திரி தூங்கி காலைல எழுந்தா பல்லு விளக்க கை வாய்க்கு வரல. இன்னைக்கும் பக்கெட் தண்ணி தூக்கினா அந்தக் கை ஒரு இடத்துல மக்கர் பண்ணும், நான் வலது கைக்கு மாத்திக்குவேன்.

அதனால "ஒண்ணும் இல்லன்னுட்டான்"ங்கிறதை என்கிட்ட சொல்லாத. 2004ல லாஸ் வேகஸ்ல ஃபிராங்க் மிர், டிம் சில்வியா எம்எம்ஏ ஃபைட் தேடிப் பாரு, அதுவும் கார்ட்ல இருந்து மிர் போட்ட ஆர்ம்பார்தான், 50 நொடி. ரெஃப்ரி ஹெர்ப் டீன் சில்வியாவோட முன்னங்கை எலும்பு போனதைக் கண்ணால பார்த்து நிறுத்துறாரு, சில்வியா "எனக்கு ஒண்ணும் இல்ல, ஏன் நிறுத்துனீங்க"ன்னு சண்டைக்கு நிக்கிறாரு, கூட்டம் கத்துது, அப்புறம் ரீப்ளேல பார்த்தா எலும்பு வளைஞ்சு ஒடியிறது தெரியுது. எலும்பு ஒடிஞ்ச ஆளே ஒண்ணும் இல்லன்னாரு, அவர் ஹெவிவெயிட் சாம்பியனா இருந்த மனுஷன். உன் ஜிம்ல சேர்ந்த பையனுக்கு, அதுவும் சீனியர் முன்னாடி, எப்படிடா தெரியும்? தெரிஞ்சாலும் சொல்லுவானா?

நீ கெட்டவன்னு சொல்லல. கெட்டவனா இருந்தா அந்தச் சத்தத்தை எழுதியே இருக்க மாட்ட, அது உன்னை உறுத்துது, அதனாலதான் ரேஷ்கார்டுக்கு நடுவுல சொருகி அனுப்பியிருக்க. இன்னைக்கே அவனுக்கு போன் போடு. கையை முழுசா நீட்ட முடியுதா, மடக்குனா வலிக்குதா, வீக்கம் இருக்கான்னு கேளு. வலி இல்லன்னு சொன்னாலும் ஒரு ஆர்த்தோகிட்ட நீயே வண்டில கூட்டிட்டுப் போ. ஃபீஸை அவன் கொடுக்க விடாத.