பில்டர் எடுத்த வரி வரவில் வீடு வாங்கியவருக்குப் பங்கு உண்டா?

2016-ல் தாம்பரம் பக்கம் ஃப்ளாட் புக் செய்தேன். 2017 ஜூலைக்குப் பிறகு வந்த தவணைகளுக்கெல்லாம் 12% ஜிஎஸ்டி கட்டினேன். சாவி கொடுக்கும்போது ‘ஐடிசி தள்ளுபடி’ என்று 20,000 ரூபாய் கழித்தார்கள். எனக்குச் சேர வேண்டியது அவ்வளவுதானா? இப்போது புகார் கொடுக்கலாமா?

முதலில் ஒன்று. அது தள்ளுபடி அல்ல, உங்கள் பணம். ஜிஎஸ்டி வருவதற்கு முன் சிமென்ட், கம்பி ஆகியவற்றின் மீதான கலால் வரி பில்டருக்குத் திரும்பக் கிடைக்காது. சதுர அடி விலையிலேயே ஏற்றிவிடுவார். ஜிஎஸ்டி வந்ததும், பொருள் வாங்கும்போது கட்டிய வரியை உங்களிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொள்ள வழி கிடைத்தது. இதுதான் ஐடிசி, அதாவது உள்ளீட்டு வரி வரவு. உங்கள் விலையோ 2016-லேயே, பழைய சுமையையும் சேர்த்துப் பேசியது. அந்த மிச்சத்தை விலையில் குறைத்தே ஆக வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 171-ஆம் பிரிவு.

எவ்வளவு என்பதில்தான் தகராறு. இத்தகைய புகார்களை விசாரித்த தேசிய கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம், விற்றுமுதலில் வரி வரவு எத்தனை சதவீதம் என்று ஜிஎஸ்டிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு வந்தது. கட்டுமானத்துக்கு அது ஒத்துவராது. தவணை வசூல் ஒரு பக்கம் போகும், கட்டடச் செலவு இன்னொரு பக்கம் போகும். 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 171-ஆம் பிரிவு செல்லும் என்று சொன்ன கையோடு, திட்டம் முழுவதற்கும் மிச்சமான வரியை மொத்தப் பரப்பால் வகுப்பதே சரி என்றது. ஒரு பேச்சுக்கு, மிச்சம் 2 கோடி, பரப்பு 1 லட்சம் சதுர அடி என்றால், அடிக்கு 200 ரூபாய். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 2 லட்சம். உங்கள் 20,000 எந்தக் கணக்கில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

புகார்? 2025 ஏப்ரல் 1 முதல் புதிய மனுக்களை வாங்குவதில்லை. ஏற்கெனவே உள்ள வழக்குகள் ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் டெல்லி முதன்மை அமர்வில் நடக்கும். உங்கள் குடியிருப்பில் யாராவது முன்பே மனுக் கொடுத்திருக்கிறார்களா என்று சங்கத்தில் விசாரியுங்கள். மனுக் கொடுத்தவருக்கு மட்டும் என்றில்லாமல், அந்தத் திட்டத்தில் வாங்கிய எல்லோருக்கும் 18% வட்டியோடு கொடுக்கச் சொன்ன உத்தரவுகள் உண்டு.

புதிதாகப் புக் செய்கிறேன். ‘ஐடிசி பலனை உங்களுக்கே தருகிறோம்’ என்கிறார் விற்பனைப் பிரதிநிதி.

இல்லாததை எப்படித் தருவார்? 2019 ஏப்ரல் 1 முதல் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு 5% ஜிஎஸ்டி, குறைந்த விலை வீடு என்றால் 1%. இரண்டிலும் பில்டருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அவர் தருவது சாதாரண விலைக் குறைப்பு. நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

1% பெற, சென்னையில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கார் பார்க்கிங் கட்டணமும் அந்த 45-க்குள் அடக்கம். 44 லட்சம் வீட்டோடு 2 லட்சம் பார்க்கிங் சேர்ந்தால் முழுத் தொகைக்கும் 5% ஆகிவிடும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

2025 செப்டம்பரில் சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமானதே, என் ஃப்ளாட் விலை குறையாதா?

பில்டரின் செலவு குறையும், ஏனென்றால் அந்த வரி முழுக்க அவர் தலையில்தான். ஆனால் நீங்கள் கட்டும் 5% மாறவில்லை, அவருக்கு வரவும் இல்லை. அதனால் சட்டப்படி உரிமை கோருவது கடினம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் பேரம் பேசப் பயன்படுத்துங்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கும் ஜிஎஸ்டி கேட்கிறார்கள்.

நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. முன்பே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் கதை வேறு, ஜிஎஸ்டி உண்டு. சான்றிதழின் தேதியையும் உங்கள் முதல் ரசீதின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புக்கிங்கை ரத்து செய்தேன். வரி மட்டும் திரும்ப வரவில்லை.

பில்டர் கிரெடிட் நோட் (முன்பு போட்ட பில்லைக் குறைக்கும் ஆவணம்) போட்டு வரியையும் சேர்த்துத் தர வேண்டும். அதற்கான கெடு முடிந்துவிட்டது என்று அவர் கைவிரித்தால், ஜிஎஸ்டி தளத்தில் தற்காலிகப் பதிவு எடுத்து நீங்களே ரீஃபண்ட் கேட்கலாம். 2022 டிசம்பர் சுற்றறிக்கை இதற்கு வழி செய்கிறது. ரத்துக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.