ஜிம்மி யங்கை ஏன் மறந்தோம்? – வாசகர் கேள்வி பதில்

முகமது அலி காலத்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ஜோ பிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மன், கென் நார்டன் ஆகியோருக்குப் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிவிட்டு, ஜிம்மி யங்கை ஒரே வரியில் கடந்துவிட்டதாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் சிலர் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். கண்டனம் நியாயமானதே. ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அவரைப் பற்றியவை.

1977-இல் நான் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மன் தோற்றார் என்று நாளிதழில் வந்த நான்கு வரிச் செய்தியை நண்பர்கள் எவரும் நம்பவில்லை. பெயர்களை மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்றே வாதாடினோம். அன்று உண்மையில் நடந்தது என்ன? (பாலக்கோடு வாசகர்)

அச்சுப்பிழை ஏதும் இல்லை ஐயா. 1977 மார்ச் 17 அன்று போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் நடந்த 12 சுற்றுப் போட்டியில், ஜிம்மி யங் புள்ளிக்கணக்கில் ஃபோர்மனை வென்றார். உங்கள் நண்பர்கள் நம்ப மறுத்ததில் வியப்பில்லை. 1973-இல் பிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் சாய்த்து உலகப் பட்டத்தைப் பறித்தவர், மறு ஆண்டு நார்டனையும் இரண்டாம் சுற்றிலேயே முடித்து அனுப்பியவர் ஃபோர்மன். யங்கோ பிலடெல்பியாவிலிருந்து வந்த, பார்த்தால் யாரும் அஞ்சாத உடற்கட்டும் ஆளைச் சாய்க்கும் வலு இல்லாத கைகளும் கொண்டவர்.

பழைய ஒளிப்பதிவில் அந்தப் போட்டியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழாம் சுற்றில் ஃபோர்மனின் குத்து ஒன்று யங்கை நிலைகுலைய வைக்கிறது, கால்கள் தள்ளாடுகின்றன, ஆட்டம் முடிந்தது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் கட்டிப்பிடித்தும் குனிந்தும் தோளைத் திருப்பியும் அந்தச் சுற்றைக் கடந்துவிடுகிறார். காற்றில் குத்திக் குத்தியே ஃபோர்மனின் கைகள் கனத்துப்போகின்றன. கடைசிச் சுற்றில் தரையைத் தொட்டவர் ஃபோர்மன்தான்! ‘தி ரிங்’ என்னும் குத்துச்சண்டை இதழ், அதை அவ்வாண்டின் சிறந்த போட்டியாகத் தேர்ந்தெடுத்தது.

அதன் பிறகு உடைமாற்றும் அறையில் தமக்குக் கடவுள் அனுபவம் ஏற்பட்டதாகக் கூறிய ஃபோர்மன், குத்துச்சண்டையை விட்டுப் போதகரானார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து, 1994-இல் தமது 45-ஆம் வயதில் மீண்டும் பட்டம் வென்றார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். அந்த இரவில் அவரை வென்றவர் யார் என்று கேட்டால்தான் பதில் வராது.

கபடியில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆட்டத்திலிருந்து வெளியே. அலியுடன் மோதியபோது யங் கயிற்றுக்கு வெளியே தலையை நீட்டித் தப்பித்தாராமே, அதை எப்படி அனுமதித்தார்கள்? (காவேரிப்பட்டணம் வாசகர்)

தலை கயிற்றுக்கு வெளியே போனால் நடுவர் இருவரையும் விலக்கிவிட்டு மீண்டும் தொடங்கச் சொல்வார். கபடியைப் போல அத்துடன் ஆட்டம் இழப்பதில்லை. 1976 ஏப்ரல் 30 அன்று மேரிலாந்து மாநிலத்தின் லேண்ட்ஓவரில் நடந்த அந்தப் போட்டியில், அலி நெருங்கி வந்து குத்தத் தொடங்கும்போதெல்லாம் யங் இதைச் செய்தார். ஒருமுறை நடுவர், அவர் வீழ்ந்துவிட்டவர் போல, எண்ணவே தொடங்கிவிட்டார்.

அன்று அலியின் எடை 230 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 104 கிலோ; அதுவரை அவர் அவ்வளவு எடையோடு மேடை ஏறியதே இல்லை. யங்கின் குத்துகள் எண்ணிக்கையிலும் துல்லியத்திலும் மேலோங்கியிருந்தன என்று பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள். ஆனால் 15 சுற்றுகளின் முடிவில் தீர்ப்பளித்த மூவருமே அலியின் பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவரின் கணக்கில் வேறுபாடு 2 புள்ளிகள் மட்டுமே. அது அநியாயத் தீர்ப்பு என்று இன்றும் கொதிப்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. வீரனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வந்தவன், இக்கட்டான ஒவ்வொரு நொடியிலும் மேடைக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டால், சந்தேகத்தின் பலன் பட்டத்தை வைத்திருப்பவனுக்கே போகும். அந்தத் தோல்வியில் பாதி யங் தாமே தேடிக்கொண்டது.

1980-இல் அலி சென்னைக்கு வந்தபோது அவருடன் காட்சிப் போட்டி ஆடியவர் இவர்தானே? (ஓசூர் வாசகி)

இல்லை அம்மா, அவர் ஜிம்மி எல்லிஸ். பெயரில் உள்ள ‘ஜிம்மி’ பலரையும் குழப்பியிருக்கிறது.

யங்கை மற்றவர்களுக்கு இணையாகச் சொல்ல, ஃபோர்மனை வென்ற அந்த ஓர் இரவு போதுமா? (பென்னாகரம் வாசகர்)

ஓர் இரவு மட்டும் அல்ல. தொழில்முறைப் போட்டிகளுக்கு வந்த புதிதில், 1973-இல், பேரிடிக் குத்துக்காரரான எர்னி ஷேவர்ஸிடம் மூன்றாம் சுற்றிலேயே தோற்றவர் யங். அதோடு ஒதுங்கியிருக்கலாம். மறு ஆண்டே அதே ஷேவர்ஸுடன் மோதிச் சமன் செய்தார். பின்னர் ஃபோர்மனையே ஒரே போட்டியில் இருமுறை விழவைத்த ரான் லைலை, 1975-இலும் 1976-இலும் புள்ளிக்கணக்கில் வென்றார்.

உண்மையில் அவருக்கு அநீதி நிகழ்ந்ததாக நான் கருதுவது, 1977 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் கென் நார்டனுடன் நடந்த 15 சுற்றுப் போட்டியில்தான். தீர்ப்பளித்தவர்களில் இருவர் நார்டனையும் ஒருவர் யங்கையும் தேர்ந்தார்கள். மறு ஆண்டு அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், நார்டனுடன் மோதாமல் அலிக்கே மறுவாய்ப்பு அளிக்க முடிவு செய்ததால், உலகக் குத்துச்சண்டை மன்றம் ஸ்பிங்க்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்து, யங்கை வென்றவர் என்ற கணக்கில் நார்டனுக்கு வழங்கியது. தீர்ப்பாளர்களில் இன்னும் ஒருவர் மனம் மாறியிருந்தால், அந்தப் பட்டத்துக்கு உரியவர் யங்காக இருந்திருப்பார்.

அவர் பெயர் எங்கெங்கே எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்: அலி எடை கூடி வந்த கதையில், ஃபோர்மன் போதகரான கதையில், நார்டன் மேடை ஏறாமலே பட்டம் பெற்ற கதையில். மூன்றிலும் அவர் துணைப்பாத்திரம். எதிராளியின் குத்தை வீணாக்குவதுதான் அவருடைய கலை. வீணான குத்தை யாரும் புகைப்படம் எடுத்து முதல் பக்கத்தில் போடுவதில்லை.

அதன் பிறகு அவர் என்ன ஆனார்? (அரூர் வாசகர்)

நார்டனிடம் தோற்றபின் அவர் பழைய யங்காக இல்லை. ஓசி ஒகாசியோ என்ற இளைஞரிடம் 1978-இலும் 1979-இலும் தோற்றார். 1980-இல் ஜெர்ரி கூனியுடனான போட்டி, யங்கின் முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் நான்கு சுற்றுகளோடு நின்றது. அப்போது கூனி வளர்ந்துவரும் நட்சத்திரம்; அவருடைய ஏணியில் யங் ஒரு படி. 1980-களின் பிற்பகுதி வரை சிறிய போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். 2005 பிப்ரவரி 20 அன்று தமது 56-ஆம் வயதில், இதயச் செயலிழப்பால் காலமானார்.