அப்பா கட்டும் வரி

அன்புள்ள ஐயா,

நாலைந்து வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன். இதுதான் முதல் கடிதம். ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா அங்கே டீக்கடை வைத்திருக்கிறார்.

2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை என்பதால் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காலை வியாபாரம் முடிந்து வந்திருந்தார். இருவரும் டிவியில் பட்ஜெட் உரை பார்த்தோம். 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது என்று நிதியமைச்சர் சொன்னதும் கைதட்டினேன். எனக்கு வருடத்துக்கு 80,000 ரூபாய் மிச்சம். அப்பா, “இதுல எனக்கு என்ன இருக்கு?” என்றார். “நீங்கதான் வரியே கட்டுறதில்லையே” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

என் கேள்வி இதுதான். வளர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் கஷ்டம் என்கிறார்கள். பொருளாதாரம் தெரியாத மக்களின் கருத்தை வைத்து ஓர் அரசின் நிதி நிர்வாகத்தை எடைபோட முடியுமா? வருமான வரி கட்டுகிறவர்கள் மூன்று கோடிப் பேர் அளவில்தான். மீதிப் பேர் இலவசத்துக்குக் காத்திருக்கிற கூட்டம். இதில் யார் கருத்துக்கு மதிப்பு?

அப்புறம், ரூபாய் மதிப்பு சரிவது, உரையில் குறள் வாசித்தது, பீகாருக்கு மக்கானா (குளத்தில் விளையும் ஒரு தின்பண்ட விதை) வாரியம் அறிவித்தது பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல். பட்ஜெட்டைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகம் படிக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பட்ஜெட் பற்றிய கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. பிப்ரவரி பிறந்தால் இருபது முப்பது வந்துவிடும். உங்கள் கடிதத்தில் அப்பா எழுந்து வெளியே போனார் என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ரூபாய் மதிப்பைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். குறள் வாசித்ததற்காகப் பெருமைப்படவும் வேண்டாம், எரிச்சல்படவும் வேண்டாம். பீகாரில் 2025-ல் தேர்தல், மக்கானா வாரியத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பட்ஜெட் ஆவணங்களில் ‘ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது’ என்று ஒரு படம் போட்டிருப்பார்கள். ஒரே பக்கம். அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருவோம்.

‘கூட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லை எங்கே கற்றீர்கள்? விடிகாலை நாலரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, நூறு பேருக்கு டீ ஆற்றி உங்களைப் படிக்கவைத்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். எழுதும்போது அவர் முகம் உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

அந்தக் கடையில் ஒரு சிலிண்டர் இருக்கும். 19 கிலோ எடையுள்ள கடைச் சிலிண்டர். வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கடைச் சிலிண்டருக்கு 18. 2025 பட்ஜெட் சமயத்தில் விலை இரண்டாயிரத்தை ஒட்டி இருந்தது. அதில் முந்நூறு ரூபாய்க்குப் பக்கம் வரி. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. மாதம் நாலு சிலிண்டர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 14,000 ரூபாய்க்கு மேல். பெரிய ஹோட்டல்காரர்களிலும் பலர் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் அதைச் சேர்த்து விலை வைப்பார்கள். உங்கள் அப்பா டீ விலையை ஒரு ரூபாய் கூட்டினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். வருட வியாபாரம் 20 லட்சத்துக்குக் கீழே என்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாவிட்டால் அவர் பெயரில் எந்தக் கணக்கும் இருக்காது, ‘வரி செலுத்துபவர்’ என்று யாரும் அவருக்கு நன்றி சொல்லவும் மாட்டார்கள்.

டீத்தூளுக்கு 5 சதவீதம். சீனிக்கு 5. கண்ணாடி ஜாடியில் இருக்கிற பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் வரை 18. வண்டியில் பால் வாங்கப் போகிறார் என்றால் போடுகிற ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் மத்திய அரசின் கலால் வரி (உற்பத்தியின் மேல் போடும் வரி) உண்டு, 2025 பட்ஜெட் சமயத்தில் அது 19 ரூபாய் 90 காசு. 2014 தொடக்கத்தில் இது பத்து ரூபாயைத் தொடவில்லை. 2020 மே மாதம், ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை தரையில் கிடந்தபோது, 32 ரூபாய் 98 காசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு இரண்டு தடவையாகக் குறைத்தார்கள். மாநில அரசும் விட்டுவைக்கவில்லை, அதன் மேல் அவர்களுடைய வரி தனி. வீட்டுக்கு அரிசி மூட்டை வாங்குகிறார் அல்லவா, 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையுள்ள முத்திரையிட்ட பைக்கு 5 சதவீதம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நம் அரிசிக்கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. எந்தக் கடையிலும் போய்ப் பாருங்கள், அந்த ஒரு கிலோ ஏன் கூடுதலாக இருக்கிறது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?

இப்போது அந்த ஒரு பக்கத்தை எடுங்கள். 2025-26 நிதியாண்டில் அரசுக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். வருமான வரி 22 காசு. கம்பெனிகள் கட்டும் வரி 17 காசு. ஜிஎஸ்டி 18, கலால் 5, சுங்கம் 4, மூன்றையும் கூட்டினால் 27. டீ குடிக்கிறவர், சோப்பு வாங்குகிறவர், பெட்ரோல் போடுகிறவர் எல்லாரும் சேர்ந்து கட்டுகிற அந்த 27 காசு உங்களுடைய 22 காசை விடப் பெரியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 80,000 ரூபாய் மிச்சம் என்றால் உங்கள் வருமானம் அந்த 12 லட்சத்தை ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 2025 ஏப்ரலிலிருந்து நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். உங்கள் அப்பாவின் சிலிண்டர் வரி அப்படியே இருக்கிறது.

மாதச் சம்பளக்காரருக்குச் சலுகை தந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. 2019-ல் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாக இறக்கி ஒரு லட்சத்து 45 ஆயிரம் கோடியை ஒரே நாளில் விட்டுக்கொடுத்தவர்கள், சம்பளக்காரருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? உங்கள் கைதட்டல் நியாயமானது. அப்பாவிடம் சொன்ன வாக்கியத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் அதை நானும் சொல்லியிருக்கிறேன்.

எனக்குச் சாத்தூர். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். எழுபதுகளில், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போவேன். ஒரு பக்கம் பெண்கள் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அம்மா லேபிள் ஒட்டுகிற வரிசையில் இருந்தாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. பலகையில் அதைத் தடவி, லேபிளைப் பரப்பி, எடுத்து எடுத்து ஒட்டுவாள். லேபிள் போக இன்னொரு காகிதமும் உண்டு. மெல்லிய, சின்னச் சீட்டு. பேண்ட்ரோல் என்பார்கள். தீப்பெட்டிக்குக் கலால் வரி கட்டியதற்கு அரசாங்கம் தருகிற சீட்டு அது. வெள்ளைக்காரன் 1934-ல் தீப்பெட்டிக்கு வரி போட்ட காலத்து ஏற்பாடு, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. அது இல்லாமல் பெட்டி வெளியே போகக் கூடாது. லேபிள் கிழிந்தால் முதலாளி திட்டுவார். பேண்ட்ரோல் கிழிந்தால் கூலியில் பிடிப்பார். அதனால் அதை எடுக்கும்போது மட்டும் அம்மா விரலைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள் என்று சொல்ல வந்தேன், சேலை முந்தானையில். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்கள்தான் பாவாடையில் துடைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண்கள்.

வீட்டுக்கு வந்தும் பசை போகாது. சோறு பிசைந்து ஊட்டும்போது துத்த வாடை வரும்.

அப்போது பட்ஜெட் பிப்ரவரி கடைசி வேலை நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு. 1999-ல் அன்றைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா காலை 11 மணிக்கு மாற்றும்வரை அதுதான் வழக்கம். அன்றைக்கு ஆபீஸில் ரேடியோவைச் சுற்றி முதலாளி, கணக்கப்பிள்ளை, லாரிக்காரர் எல்லாரும் நிற்பார்கள். மெஷின் தீப்பெட்டிக்கு ஒரு வரி, கைத்தீப்பெட்டிக்குக் குறைந்த வரி. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் வட்டாரமே பிழைத்தது. வித்தியாசம் குறைந்தால் வேலை குறையும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பெண்கள் ஒரு வரி பொருளாதாரம் படிக்காமல் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். ரேடியோ ஓயும்வரை அம்மா வரிசையிலிருந்து எழுந்திருக்க மாட்டாள். முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. 1989 வாக்கில், முதல்முறையாகச் சம்பளத்தில் வருமான வரி பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து ரேஷன் அரிசியைப் பற்றி ஏதோ பேச்சு. “நாங்க கட்டுற வரியிலதான் ரேஷன் கடையே நடக்குது” என்றேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “சாப்பிட வர்றியா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் விரல் நுனிகள் அப்போதும் வெடித்துத்தான் இருந்தன. நாட்டின் வரியைத் தன் கையால், பெட்டி பெட்டியாக ஒட்டி அனுப்பியவளிடம் நான் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. உறைத்தபோது அவள் இல்லை.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. பதினாலு வருடம் கழித்து ஏற்றினார்கள். அன்று கடையில் இரண்டு ரூபாயை நீட்டியபோது அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றி, பிறகுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மக்களுக்குப் பொருளாதாரம் தெரியாது என்கிறீர்கள். ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெருநகரங்களில் வீடு வீடாக ஆள் அனுப்பி, விலை ஏறியிருக்கிறதா, வேலை எப்படி, வருமானம் எப்படி என்று கேட்கிறது. சென்னையிலும் கேட்கிறார்கள். மக்கள் சொல்கிற விலையேற்றம் அரசு வெளியிடுகிற எண்ணைவிட வழக்கமாகக் கூடுதலாகவே இருக்கும். மக்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். 2024 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 10.87. சம்பாதிப்பதில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கிற வீட்டில் எந்த எண் உண்மை? தக்காளி வாங்குகிறவளுக்கு இரண்டாவது எண்தான் தெரியும். அவள் சொல்வது அவள் வீட்டுக் கணக்கில் துல்லியமானது.

2004-ல் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று அன்றைய வாஜ்பாய் அரசில் இருந்தவர்கள் ஊரெல்லாம் விளம்பரம் வைத்தார்கள். அந்த வருடம் வளர்ச்சி எட்டு சதவீதத்தை ஒட்டி இருந்தது. தேர்தலில் தோற்றார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, மக்கள் ஏன் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதற்குள் இப்போது போகவில்லை. அன்றைக்கும் உங்களைப் போலப் படித்த பிள்ளைகள், ஜனங்களுக்கு வளர்ச்சி புரியவில்லை என்றுதான் எழுதினார்கள்.

வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.4 சதவீதம் என்பது சரியா, கடன் வட்டிக்கே ரூபாயில் 20 காசு போவது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையெல்லாம் நிபுணர்கள் பேசட்டும். பேச வேண்டும். ஆனால் “இதுல எனக்கு என்ன இருக்கு?” என்று உங்கள் அப்பா கேட்டது அதே கணக்கின் இன்னொரு பக்கம். அவர் பிச்சை கேட்கவில்லை. கொடுத்துக்கொண்டே இருக்கிறவர், தன் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று உரை முழுக்கக் காத்திருந்து கேட்டிருக்கிறார். காலை வியாபாரம் முடிந்த அலுப்போடு மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அதற்கு உங்களிடம் இருந்த பதில் அந்த ஒரு வாக்கியம்.

மன்னிப்பு கேட்கிறேன் என்று போய் நிற்காதீர்கள், அவருக்குக் கூச்சமாக இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கடையில் போய் உட்காருங்கள். சிலிண்டர் பில்லைக் கேட்டு வாங்கி, இருவருமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் நாலுதானா என்று எனக்கும் எழுதுங்கள்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே போனார் என்று எழுதவில்லை. சாயங்கால வியாபாரத்துக்கு அடுப்புப் பற்றவைக்கத்தான் போயிருப்பார்.