முதலில் கேமை முடிப்பதா, அக்செசிபிலிட்டியைப் பார்ப்பதா?

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம். திரையில் வரும் ஒவ்வொரு விளக்கையும் அதே வண்ணத் திரியோடு, நேரம் முடிவதற்குள் இழுத்துச் சேர்க்க வேண்டும். வசனம் எல்லாம் தமிழில். பத்து லெவல் தயார், இன்னும் முப்பது பாக்கி. பார்வையில்லாத என் சித்தி மகன், “அக்கா, நான் விளையாட முடியுமா?” என்று கேட்டான். கூட இருப்பவர்களோ, “முதல்ல ரிலீஸ் பண்ணுவோம், அதையெல்லாம் அப்டேட்ல பாத்துக்கலாம்” என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: அக்செசிபிலிட்டியை, அதாவது பார்வை, செவி, உடல் அசைவில் சிரமம் உள்ளவர்களும் விளையாடும்படி செய்வதை, இப்போதே பாருங்கள். உங்கள் நண்பர்கள் இரக்கமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. மூன்றே பேர் இருக்கும் டீமில் ரிலீஸ் தேதி எவ்வளவு பெரிய கவலை என்று புரிகிறது. ஆனால் கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இன்று மாற்றினால் பத்து லெவலைத் திருத்தினால் போதும். ரிலீசுக்கு அப்புறம் என்றால் நாற்பதையும் பிரித்து மேய வேண்டும்.

உங்கள் கேமில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் வண்ணம். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கல் பழுப்பாகத் தெரிகிறவர்கள் நிறைய உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சையில் ஏதோ ஓர் அளவு குழப்பம் உண்டு. நம்மூரில் விகிதம் அதைவிடக் குறைவு, ஆனாலும் ஒதுக்கிவிடும் அளவுக்குக் குறைவில்லை. செட்டிங்ஸில் ஒரு கலர் ஃபில்டரைப் போட்டு முடித்துக்கொள்ளத் தோன்றும். அது திரை முழுவதையும் நிறம் மாற்றிவிடும். பல வண்ணம் இருக்கிற இடத்தில் ஒரு குழப்பம் தீர்ந்து இன்னொன்று முளைக்கும். அதைவிட ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வடிவம் கொடுங்கள். அகல், குத்துவிளக்கு, பாவை விளக்கு, தூக்கு விளக்கு, லாந்தர் என்று நம்மிடம் இல்லாத வடிவமா? திரியின் நுனியிலும் அதே வடிவத்தைச் சின்னதாக வைத்துவிடுங்கள். பிறகு போன் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி விளையாடிப் பாருங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் அக்செசிபிலிட்டி செட்டிங்ஸிலேயே அந்த வசதி இருக்கிறது. ஒரு லெவலைத் தடுமாறாமல் முடிக்க முடிந்தால் வண்ணப் பிரச்சினை தீர்ந்தது. எனக்கென்னவோ, கேம் முன்பைவிட அழகாகவும் இருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்தது நேரம். 2018-ல் வந்த செலஸ்ட் மிகக் கடினமான கேம். அதிலேயே ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ள அசிஸ்ட் மோட் என்று ஒன்று உண்டு. வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்துப் பாதிவரை கொண்டுவரலாம். உங்கள் கடிகாரத்தையும் அப்படிக் குறைக்கவும், வேண்டுமானால் அடியோடு நிறுத்தவும் விடுங்கள். அதற்கு வைக்கும் பெயரிலும் எழுதும் விளக்கத்திலும் மட்டும் கவனம் தேவை. செலஸ்ட்டில் அந்த வசதியைத் திறந்ததும் முதலில் வந்த வாசகம், ‘இது உண்மையான ஆட்டம் இல்லை’ என்பதுபோல் பலருக்கு உறுத்தியது; அடுத்த ஆண்டே மாற்றி எழுதினார்கள். விரல் நடுங்குகிறவர்களுக்கு இழுப்பது சிரமம் என்பதால், விளக்கை ஒருமுறையும் திரியை ஒருமுறையும் தொட்டாலே சேரும்படியும் வையுங்கள். ஜெயித்ததும் திரை பளிச்சிடுகிறது என்றால், நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

கேம் செய்யப் பயன்படுத்தும் மென்பொருள், அதாவது எஞ்சின், எது என்று நீங்கள் எழுதவில்லை. யூனிட்டியாக இருந்தால் தமிழ் எழுத்திலேயே ஒரு தொல்லை உண்டு. திரையில் எழுத்தைக் காட்டும் அதன் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் ‘பெண்’ என்று போட்டால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். இதற்குப் பயந்து பலர் வசனத்தைப் படமாகவே சேமித்துவிடுகிறார்கள். படமாக்கினால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் படிக்கவும் வழியில்லை. கோடோ 4 என்ற இன்னொரு எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் சரியாகவே கோக்கப்படும். எதுவானாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினாலும் வசனப் பெட்டி கொள்கிறதா என்று பாருங்கள். தமிழ் வார்த்தைகள் நீளமானவை, கடைசி இரண்டு எழுத்து வெளியே தொங்கும்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். முடியும், ஆனால் வேலை அதிகம். அவர் போனில் டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் ரீடரை வைத்திருப்பார். யூனிட்டி போன்ற எஞ்சினில் செய்த கேமைத் திறந்தால், முழுத் திரையும் டாக்பேக்குக்கு ஒரே படம். ‘விளையாடு’ என்ற பட்டன் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பட்டனுக்கும் நீங்கள்தான் பெயர் கொடுக்க வேண்டும். மொபைலுக்கு அதற்கான வழி யூனிட்டியில் 2023.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதன் பிறகு விளக்குகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, விரல் மேலே போகும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி வரச் செய்தால், கடிகாரத்தை நிறுத்திவிட்டு அவரால் விளையாட முடியும். நடக்காத காரியம் என்று நண்பர்கள் சொன்னால் 2023-ல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் என்ற கார் பந்தய கேமைக் காட்டுங்கள். வளைவு எந்தப் பக்கம், எப்போது பிரேக் போடுவது என்பதையெல்லாம் ஒலியாலேயே சொல்லி, பார்வையில்லாதவர்களைக் கார் ஓட்ட வைத்த கேம் அது.

“நாலு பேருக்காக இவ்வளவு வேலையா?” என்று அவர்கள் கேட்டால் இதையும் சொல்லுங்கள். அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ் என்ற கேமில் சப்டைட்டிலைத் தாங்களாகவே போட்டுக்கொண்டவர்கள் 60 சதவீதம் என்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சொன்னது. காது கேளாதவர்கள் மட்டுமா அத்தனை பேர்? பஸ்ஸில் போகிறவரும், பக்கத்தில் குழந்தையைத் தூங்க வைத்திருப்பவரும்தான். அடுத்து வந்த ஒடிஸியில் சப்டைட்டிலை ஆரம்பத்திலேயே போட்டுவைத்தார்கள். 95 சதவீதம் பேர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பத்து லெவலையும் திருத்தியதும் தம்பியிடமும், கைகால் அசைவில் சிரமம் உள்ள ஒருவரிடமும், வண்ணம் பிரித்தறிய முடியாத ஒருவரிடமும் போனைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். எங்கே அழுத்துவது என்று சொல்லித்தராதீர்கள். அவர்கள் தயங்கி நிற்கிற இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்வது வேலை, அதற்குப் பணம் கொடுங்கள்; தம்பியாக இருந்தாலும் சரி.

எல்லாவற்றையும் முதல் ரிலீசிலேயே முடிக்க உங்களால் முடியாது. டாக்பேக் வேலை தள்ளிப்போகலாம், ஆனால் வடிவமும் நேரமும் எழுத்தும் தள்ளிப்போகக் கூடாது. ஸ்டோர் பக்கத்தில் எது இருக்கிறது, எது இன்னும் இல்லை என்று அப்படியே எழுதிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியபின் மெனுவைக்கூடத் தாண்ட முடியாமல் போவது எவருக்கும் நேரக்கூடாது.